வளைகுடாத் தமிழ் இதழ்களின் டம்மியும் விளம்பரமும்: குறைந்த செலவில் மென்பொருள் தேர்வு

ஓர் இதழின் எந்தப் பக்கத்தில் எந்தக் கட்டுரை, எந்த விளம்பரம், எந்த அளவில், எந்த நிறத்தில் வர வேண்டும் என்பதை அச்சுக்குப் போகும் முன்பே முடிவுசெய்து ஓரிடத்தில் பதிந்துவைப்பதே பக்கத் திட்டம். தமிழ்ப் பத்திரிகை அலுவலகங்களில் இதை டம்மி என்பார்கள். பக்கத்தை வடிவமைப்பது வேறு வேலை. அதில் எழுத்துரு, பத்தி அகலம், படம், தலைப்பு என்று கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அடங்கும். டம்மியோ கணக்கு: எத்தனை பக்கம் விற்றது, எது இன்னும் காலி, யாருடைய விளம்பரம் யாருக்கு எதிரே வருகிறது, யார் பணம் கட்டினார்கள். மென்பொருள் தேர்வில் நேரும் வீண்செலவில் பெரும்பகுதி இந்த இரண்டு வேலைகளையும் ஒன்றாகக் கருதுவதால் வருகிறது. வடிவமைப்புக்கு வாங்கிய மென்பொருளில் விளம்பரக் கணக்கை வைத்துக்கொள்ள முயன்று திணறுவார்கள். அல்லது பெரிய நிறுவனங்களுக்கான விளம்பர மேலாண்மைத் தொகுப்பை நாற்பத்தெட்டுப் பக்க மலருக்கு வாங்கிவிடுவார்கள்.

வளைகுடாவில் இந்தக் கேள்வி எழும் இடம் பெரும்பாலும் சிறிய இதழ்கள்தான். 1978இல் துபாயில் தொடங்கிய கலீஜ் டைம்ஸ், கல்ஃப் நியூஸ் போன்ற நாளிதழ்களுக்கும், 1979இல் அங்கேயே உருவான மோட்டிவேட் போன்ற இதழ் நிறுவனங்களுக்கும் விளம்பரத்துக்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு. அவற்றின் செலவுக் கணக்கு வேறு. தமிழில் நிலைமை அப்படியல்ல. துபாய், அபுதாபி, குவைத், ரியாத், மஸ்கட், தோகா, மனாமா நகரங்களின் தமிழ்ச் சங்கங்களும் மன்றங்களும் பொங்கலையோ ஆண்டு விழாவையோ ஒட்டி மலர் வெளியிடுகின்றன. பகலில் வேறு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் இரவில் உட்கார்ந்து செய்யும் பணி அது. அச்சுச் செலவு நகைக்கடை, பணப் பரிமாற்ற நிறுவனம், கார்கோ, உணவகம், மருத்துவமனை, சென்னை அல்லது கோவை வீட்டுமனைத் திட்டம் ஆகியவற்றின் விளம்பரங்களிலிருந்து வர வேண்டும். ஒரு விளம்பரம் தவறான பக்கத்தில் அச்சாகிவிட்டால் அடுத்த ஆண்டு அந்தக் கடையின் படியேற முடியாது. எனவே டம்மியைத் துல்லியமாக வைத்திருப்பது மலரின் வருவாயையே காக்கும் வேலை.

தாளின் கணக்கு

எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும் அது தாளின் கணக்கைப் புரிந்துகொண்டதாக இருக்க வேண்டும், அல்லது பயன்படுத்துபவருக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஆஃப்செட் அச்சில் பக்கங்கள் ஒவ்வொன்றாக அச்சாவதில்லை. 70 செ.மீ.க்கு 100 செ.மீ. தாளின் ஒரு பக்கத்தில் எட்டு ஏ4 பக்கங்கள் அமரும். திருப்பி அச்சிட்டால் பதினாறு. இதுதான் ஒரு ஃபாரம். இதழின் மொத்தப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருந்தே தீர வேண்டும், எட்டு அல்லது பதினாறின் மடங்காக இருந்தால் தாள் வீணாகாது என்பது இதிலிருந்து வரும் விதி. கடைசி நேரத்தில் ஒரு முழுப்பக்க விளம்பரம் விலகினால் ஒரு பக்கத்தைக் குறைக்க முடியாது. அந்த இடத்தை நிரப்ப ஏதாவது எழுத்து தயாராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நான்கு பக்கங்களைச் சேர்த்து எடுக்க வேண்டும்.

நடுவில் பின் அடித்த, அட்டை உட்பட 48 பக்க ஏ4 இதழை எடுத்துக்கொள்ளலாம். பின் அடித்த இதழில் ஃபாரங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்குகின்றன. வெளி ஃபாரத்தில் 1 முதல் 8 வரையும் 41 முதல் 48 வரையும் வரும். அடுத்ததில் 9 முதல் 16 வரையும் 33 முதல் 40 வரையும். உள் ஃபாரத்தில் 17 முதல் 32 வரை. ஒரே மடிப்பில் அமையும் இரண்டு பக்கங்களின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 49 வரும். 1உம் 48உம், 4உம் 45உம், 24உம் 25உம் இப்படி இணைகின்றன. வெளி ஃபாரத் தாளின் ஒரு புறத்தில் 1, 4, 5, 8, 41, 44, 45, 48 ஆகிய பக்கங்களும், மறுபுறத்தில் 2, 3, 6, 7, 42, 43, 46, 47 ஆகியவையும் அச்சாகும்.

இந்த எண்கள் விளம்பரக் கட்டணத்தை நேரடியாகத் தொடுகின்றன. உள்பக்கங்கள் கறுப்பு வெள்ளையாகவும் சில பக்கங்கள் மட்டும் மல்டிகலராகவும் உள்ள மலரில், தாளின் ஒரு புறத்துக்கு நிறத்துக்கு ஒன்றாக நான்கு பிளேட் (அச்சுத் தகடு) போட்டாகிவிட்டால் அந்தப் புறத்தின் எட்டுப் பக்கங்களும் கூடுதல் பிளேட் செலவின்றி நிறம் பெறும். 4ஆம் பக்கத்தில் ஒரு நகைக்கடை வண்ண விளம்பரம் கேட்டால் 5, 8, 41, 44, 45 ஆகிய பக்கங்களையும் வண்ணத்தில் விற்கலாம். 2ஆம் பக்கத்துக்கு இன்னொருவர் வண்ணம் கேட்டால் மறுபுறத்துக்கும் நான்கு பிளேட் வேண்டும். இது தெரியாமல் எட்டு வண்ண விளம்பரங்களை ஆறு புறங்களில் சிதறவிட்ட மலரின் அச்சுக் கூலி, அவற்றை ஒரே புறத்தில் சேர்த்த மலரின் கூலியைவிடத் தெளிவாக மிகும்.

பின்னுக்குப் பதில் பசையால் ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங் செய்தால் கணக்கு மாறிவிடுகிறது. அப்போது ஃபாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்: 1 முதல் 16, 17 முதல் 32, 33 முதல் 48. பின் அடித்த இதழில் 24, 25 ஆகிய நடுப்பக்கங்கள் மட்டுமே ஒரே தாளில் விரியும் இரட்டைப் பக்கம். அத்துடன் பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் 8-9, 40-41 ஆகியவையும் ஃபாரத்தின் நடுவில் வருகின்றன. ஆனால் பசை வைத்த மடிப்பில் பக்கத்தின் உள்விளிம்பு சிறிது மறையும் என்பதால் இரட்டைப் பக்க விளம்பரத்தின் எழுத்து நடுவில் வராமல் பார்க்க வேண்டும். பைண்டிங் முறையை முதலில் முடிவுசெய்யாமல் போட்ட டம்மியை மறுபடி போட வேண்டியிருக்கும்.

எந்த நாட்டில் அச்சிடுவது என்பதும் முன்கூட்டியே தெரிய வேண்டும். ஷார்ஜாவிலோ துபாயிலோ அச்சிட்டால் ஏ4 இயல்பான அளவு. சிவகாசியிலோ சென்னையிலோ அச்சிட்டுக் கொண்டுவந்தால் இந்திய அச்சகம் டெமி, கிரவுன் அளவுகளைச் சொல்லக்கூடும். துபாய் விளம்பர நிறுவனம் ஏ4 அளவில் அனுப்பும் ஆர்ட்வொர்க் அதில் அப்படியே பொருந்தாது. கட்டண அட்டையை அச்சடிக்கும் முன்பே இதழின் வெட்டளவு, பிளீட், அச்சகம் ஏற்கும் வண்ணச் சுயவிவரம் ஆகியவற்றை அச்சகத்திடம் எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

விளம்பரம் அமரும் இடம்

பின்னட்டை, முன் உள்ளட்டை, பொருளடக்கத்துக்கு எதிர்ப்பக்கம், நடுப்பக்கம் ஆகியவை எங்கும் கூடுதல் விலைக்குப் போகும் இடங்கள். வலதுபக்கம் இடதுபக்கத்தைவிட விரும்பப்படும். ஆனால் அரபி கலந்த இதழில் இது தலைகீழாகிறது. அரபி வலமிருந்து இடமாக வாசிக்கப்படுவதால் அரபிப் பகுதியின் முதல் பக்கம், ஆங்கில வாசகருக்கு இதழின் கடைசிப் பக்கமாகத் தோன்றும் இடத்தில் இருக்கும். இரு முனைகளிலிருந்தும் தொடங்கும் இருமொழி இதழ்கள் வளைகுடாவில் வழக்கம். அவற்றில் பின்னட்டை என்ற இடமே கிடையாது, இரண்டு முன்னட்டைகள்தான் உண்டு. விழா மலரில் அரபி வாழ்த்துப் பகுதி சேர்க்கும் தமிழ் அமைப்பு இதைக் கட்டண அட்டையிலேயே தெளிவாக்கிவிடுவது நல்லது.

ஒரே தொழிலைச் சேர்ந்த இரண்டு விளம்பரங்கள் எதிரெதிரே வரக்கூடாது என்ற விதி வளைகுடாவில் கடினமானது, ஏனென்றால் தமிழ் இதழ்களுக்கு விளம்பரம் தரும் தொழில்கள் சிலவே. மூன்று நகைக்கடைகளும் நான்கு பணப் பரிமாற்ற நிறுவனங்களும் உள்ள இதழில் அவற்றை விலக்கி அமர்த்துவதே டம்மி வேலையின் பாதி. ஆட்சியாளர்களின் படத்துடன் வரும் தேசிய நாள் வாழ்த்துப் பக்கத்தை மதிப்பான இடத்தில் வைத்து, அதன் எதிரே தள்ளுபடி விளம்பரம் வராமல் பார்ப்பது இங்குள்ள பதிப்பாளர்கள் கைக்கொள்ளும் மரியாதை.

சட்டம் தொடும் இடங்களும் உண்டு. அமீரகத்தில் 1980இன் அச்சு, வெளியீட்டுச் சட்டத்தின் இடத்தை 2023இன் 55ஆம் எண் ஊடகச் சட்டம் எடுத்துக்கொண்டது. உரிமம் இல்லாமல் இதழ் வெளியிட முடியாது. புகையிலை விளம்பரம் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. மருத்துவ விளம்பரத்துக்குச் சுகாதாரத் துறையின் அனுமதி வேண்டும். துபாயில் வீட்டுமனை விளம்பரத்துக்கு நிலத்துறையின் அனுமதி எண் வேண்டும். ஆகவே டம்மியில் விளம்பரத்தின் பெயர், அளவுடன் அனுமதி எண்ணுக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும். வெளிநாட்டு விளம்பர மென்பொருள் எதிலும் இந்தக் கட்டம் தானாக இருக்காது. சேர்க்க முடிகிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

ஆர்ட்வொர்க் வரும் கடைசி நாளை வார விடுமுறையும் கலைக்கிறது. அமீரகம் 2022 ஜனவரி முதல் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறி, வெள்ளியை அரைநாளாக்கியது. குவைத், சவூதி, கத்தார், பஹ்ரைன், ஓமன் ஆகியவற்றில் வெள்ளி, சனி விடுமுறை தொடர்கிறது. துபாய் நிறுவனத்திடமிருந்து ஆர்ட்வொர்க் வாங்கிக் குவைத் அலுவலகத்தின் ஒப்புதல் பெற வேண்டிய விளம்பரம் வெள்ளி முதல் ஞாயிறு வரை அசையாது. இதழ் முடிக்கும் தேதியைத் திங்களுக்கோ செவ்வாய்க்கோ வைப்பவர்கள் வியாழக்கிழமையையே உண்மையான கடைசி நாளாகக் கருத வேண்டும்.

டம்மிக்கான கருவி

ஆண்டுக்கு ஒன்று முதல் ஆறு இதழ் வரை வெளியிடும் அமைப்புக்கு விரிதாளே போதும். இதில் தயங்க வேண்டியதில்லை. கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆஃபிஸ் கால்க் ஆகிய இரண்டும் இலவசம். பலர் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்பதால் கூகுள் ஷீட்ஸ் கூடுதல் வசதி. துபாயில் விளம்பரம் சேர்ப்பவரும் அபுதாபியில் வடிவமைப்பவரும் ஒரே டம்மியைப் பார்ப்பார்கள். வாட்ஸ்அப்பில் ஐந்து பிரதிகள் உலவுவது நிற்கும்.

விரிதாளை அமைக்கும் முறை எளியது. ஒரு பக்கத்துக்கு ஒரு வரிசை. பக்க எண்ணுக்கு அடுத்த கட்டத்தில் ‘49 கழித்தல் பக்க எண்’ என்ற சூத்திரம் இணைப்பக்கத்தைத் தானே காட்டும். அடுத்து ஃபாரம், தாளின் புறம், நிறம், உள்ளடக்கம், விளம்பரதாரர், தொழில் வகை, அளவு, ரிலீஸ் ஆர்டர் எண், அனுமதி எண், ஆர்ட்வொர்க் வந்ததா, புரூஃபுக்கு ஒப்புதல் வந்ததா, பில் எண். அளவை எண்ணாகப் பதிய வேண்டும்: முழுப்பக்கம் 1, அரை 0.5, கால் 0.25. கடைசி வரிசையின் கூட்டல், விற்ற இடம் மொத்தம் எத்தனை பக்கம் என்பதை எந்த நேரமும் சொல்லும். பத்தில் நான்கு பங்கு விளம்பரம் என்று முடிவுசெய்த 48 பக்க இதழில் அந்த எண் 19ஐத் தொட்டதும் விற்பனையை நிறுத்தவோ பக்கங்களைக் கூட்டவோ முடிவெடுக்க வேண்டும். அடுத்தடுத்த வரிசைகளில் ஒரே தொழில் வகை வந்தால் கட்டம் சிவப்பாகும்படி நிபந்தனை வடிவமைப்பைப் போடலாம். இன்னொரு தாளில் பக்கங்களை இரண்டிரண்டாகப் பக்கத்தில் பக்கமாகச் சிறு கட்டங்களில் அடுக்கி, முதல் தாளிலிருந்து பெயர்களை இழுத்துக்கொண்டால் இதழ் விரிந்த நிலையில் எப்படித் தோன்றும் என்பதும் தெரியும். முதல் முறை அமைக்க ஒரு மாலை போதும், அடுத்த இதழுக்குப் பிரதி எடுத்தால் முடிந்தது.

மாதந்தோறும் வெளியாகி, பக்கங்கள் நூறை நெருங்கி, விளம்பரம் சேர்ப்பவர்கள் மூவருக்கு மேல் இருக்கும்போது விரிதாள் தடுமாறத் தொடங்கும். பக்கங்களை இழுத்து மாற்றும்போது வரிசைகள் பிசகும். அந்த நிலையில் பிளிங்க்பிளான் போன்ற இணைய டம்மி சேவைகள் பொருந்தும். அவற்றில் பக்கங்கள் சிறு படங்களாகத் திரையில் நிற்கும், சுட்டியால் இழுத்து இடம் மாற்றலாம், மாற்றம் எல்லாருக்கும் உடனே தெரியும். சந்தா எடுக்கும் முன் மூன்றைச் சோதிக்க வேண்டும்: தமிழ்ப் பெயர்கள் உடையாமல் தெரிகின்றனவா, வலமிருந்து இடமாகவும் பக்கங்களை அடுக்க முடிகிறதா, முழுத் திட்டத்தையும் விரிதாளாகவோ பிடிஎஃப் ஆகவோ வெளியே எடுக்க முடிகிறதா. மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வரும் சேவையை எடுக்கவே கூடாது.

மேகசின் மேனேஜர் போன்ற தொகுப்புகள் வாடிக்கையாளர் பட்டியல், ஒப்பந்தம், டம்மி, பில் எல்லாவற்றையும் ஒன்றாக இணைப்பவை. நாளிதழ்களுக்கு லேஅவுட்-8000 போன்றவை விளம்பரங்களைத் தானாகவே பக்கங்களில் அடுக்கித் தருகின்றன. தொழிலாக இதழ் நடத்துபவர்களுக்கானவை இவை. தமிழ்ச் சங்க மலருக்கு இவற்றின் விலையை நியாயப்படுத்தும் விளம்பர வருவாய் எங்கும் இல்லை.

பக்க வடிவமைப்பும் தமிழ் எழுத்தும்

வடிவமைப்பு மென்பொருளில் விலையைப் பார்ப்பதற்கு முன் தமிழைப் பார்க்க வேண்டும். ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னே, மெய் நடுவே, கால் பின்னே வருகிறது. ஆனால் யூனிகோடில் மெய்யை அடுத்தே உயிர்க்குறி பதிவாகிறது. அதைப் பிரித்துச் சரியான இடங்களில் நிறுத்துவது மென்பொருளின் வேலை. அதைச் செய்யத் தெரியாத மென்பொருளில் கொம்பு இடம் மாறும், எழுத்துகள் சிதறும். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அப்படிப்பட்டது தமிழ் இதழுக்குப் பயன்படாது.

பழைய தலைமுறைக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. 1985இல் வந்த பேஜ்மேக்கரில் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டச்சு செய்தார்கள். மென்பொருள் அதை ஆங்கில எழுத்தாகவே கருதியது. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு 7.0, 2001இல் வெளியானது. அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் தமிழ் டிடிபி உலகம் அதைப் பற்றிக்கொண்டிருந்ததற்கு இந்த எழுத்துருக்களே காரணம். இன்றும் அவை எந்த மென்பொருளிலும் உடையாமல் வரும். ஆனால் அப்படிச் செய்த பிடிஎஃப்பில் ஒரு சொல்லைத் தேட முடியாது, கட்டுரையை இணையத்தில் ஏற்ற மாற்றி ஆக வேண்டும். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடையும் டேஸ்16 முறையையும் தரமாக அறிவித்த பிறகு புதிய இதழ் பழைய குறியாக்கத்தில் தொடங்குவதற்கு ஒரு நியாயமும் இல்லை. கையிலுள்ள பழைய கட்டுரைகளை என்.எச்.எம். மாற்றி போன்ற இலவசக் கருவிகள் யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடும்.

அடோபி இன்டிசைன் 1999இல் வந்தது. இந்திய மொழிகளுக்கு முறையான ஆதரவு 2012இன் சிஎஸ்6 பதிப்பில் கிடைத்தது. ஆனால் அதில் இயல்பாக அமைந்த பத்தி முறை தமிழை உடைக்கும். பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி’ முறையைத் தேர்ந்தால்தான் எழுத்து சரியாக வரும். தமிழ் சரியாக வரவில்லை என்று இன்டிசைனைக் கைவிட்டவர்களில் பலர் மாற்றத் தவறியது இந்த ஒரு அமைப்பைத்தான். வளைகுடாவில் அரபி ஆதரவுடன் கூடிய ஆங்கிலப் பதிப்பை நிறுவினால் வலமிருந்து இடமாகச் செல்லும் பக்கங்களும் கிடைக்கும். விளம்பர நிறுவனங்களும் அச்சகங்களும் பழகிய மென்பொருள் இதுவே. மூன்று மொழி கலந்த, தொழில்முறை இதழுக்கு இன்றும் இதற்கு இணையான ஒன்றைச் சொல்வது கடினம்.

ஆனால் 2013 முதல் அடோபி இதன் புதிய பதிப்புகளை விற்பதில்லை, சந்தாவுக்கு மட்டுமே தருகிறது. இன்டிசைன் ஒன்றுக்கு மட்டும் மாதச் சந்தா இருபது டாலரைச் சற்றுத் தாண்டும். திர்ஹாம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று நிலைத்திருப்பதால் ஏறத்தாழ எண்பது திர்ஹாம். இந்த விலை ஓராண்டு ஒப்பந்தத்துக்கு உரியது. நடுவில் விலகினால் மீதித் தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். ஆண்டுக்கு ஒரு மலர் வெளியிடும் சங்கம் மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கும் சந்தாவை எடுக்க வேண்டும். மாதக் கட்டணம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்றாலும், வேலை நடக்கும் மூன்று மாதங்களுக்கு மட்டும் எடுத்தால் ஓராண்டுச் செலவில் பாதிகூட ஆகாது. விரிதாளில் டம்மி முழுமையடைந்து கட்டுரைகள் கைக்கு வந்த பிறகே அந்த முதல் மாதத்தைத் தொடங்க வேண்டும்.

பிரிட்டனின் செரிஃப் நிறுவனம் 2019இல் வெளியிட்ட அஃபினிட்டி பப்ளிஷர் ஒரே முறை பணம் கட்டி வாங்கும் மென்பொருளாக இருந்து பலரை ஈர்த்தது. 2024இல் அந்த நிறுவனத்தை இணைய வடிவமைப்புச் சேவையான கேன்வா வாங்கியது. 2025 அக்டோபரில் அஃபினிட்டி இலவசமாக்கப்பட்டது. விலை என்ற ஒரே அளவுகோலில் இதை வெல்ல முடியாது. வண்ண மேலாண்மை, அச்சுக்கான பிடிஎஃப், இன்டிசைனின் ஐடிஎம்எல் கோப்பைத் திறக்கும் வசதி எல்லாம் உண்டு. ஆனால் அதன் முதலிரண்டு பதிப்புகளும் இந்திய எழுத்துகளையும் அரபியையும் சரியாகக் கோக்கவில்லை. ஆங்கில இதழ் நடத்தும் வளைகுடாத் தமிழர் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். தமிழுக்கு எடுப்பவர் ‘கொடுத்தோம்’, ‘ஸ்ரீ’, ‘மௌனம்’ போன்ற சொற்களைத் தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆக்கிப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

திறந்த மூல மென்பொருளான ஸ்கிரைபஸுக்கும் வளைகுடாவுக்கும் உள்ள தொடர்பு அதிகம் பேசப்படாதது. ஸ்கிரைபஸின் முதல் முழுப்பதிப்பு 2003இல் வந்தபோது அரபியோ இந்திய மொழிகளோ அதில் சரிவர அமையவில்லை. அந்தக் குறையைத் தீர்த்ததில் பெரும் பங்கு ஓமனைச் சேர்ந்த ஹோஸ்ட் ஓமன் என்ற திறந்த மூலக் குழுவுக்கு உரியது. அரபி எழுத்தைச் சரியாகக் காட்ட அவர்கள் செய்த வேலை, சிக்கலான எழுத்து முறைகள் எல்லாவற்றுக்கும் வழிதிறந்தது. 2017இன் 1.5.3 சோதனைப் பதிப்பில் ஹார்ஃப்பஸ் எழுத்துக்கோவை இயந்திரம் இணைந்தது. 2024 தொடக்கத்தில் வந்த 1.6 பதிப்பில் அது நிலைபெற்றது. ஓமனில் அரபிக்காகத் தொடங்கிய பணியின் பயன் தமிழுக்கும் மலையாளத்துக்கும் சேர்ந்தே கிடைத்தது.

அதன் பயன் கேரளத்தில் நாளிதழ் அளவில் சோதிக்கப்பட்டது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மலையாள நாளிதழான ஜனயுகம் 2019இல் பேஜ்மேக்கரையும் பழைய குறியாக்க எழுத்துருக்களையும் விட்டு, லினக்ஸ், ஸ்கிரைபஸ், கிம்ப், இங்க்ஸ்கேப், யூனிகோடு எழுத்துரு என்று முழுவதும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. நாள்தோறும் பல பதிப்புகளை நேரத்துக்கு அச்சேற்ற வேண்டிய நாளிதழ் ஒன்றுக்கு இது கைகொடுத்தது என்றால், ஆண்டுக்கு ஒருமுறை வரும் மலருக்குப் போதாது என்று சொல்ல முடியாது. தடைகள் உண்டு. மென்பொருளின் முகப்பு பழையது, பெரிய கோப்பில் வேகம் குறையும், பிடிஎஃப் விளம்பரத்தைப் படச்சட்டத்தில் வைத்தால் அதைப் படமாக மாற்றிவிடாமல் அப்படியே பொதியும் அமைப்பைத் தேர்ந்தெடுக்க நினைவிருக்க வேண்டும். பிடிஎஃப்-எக்ஸ் தரத்தில் கோப்பு தருவதால் அச்சகம் மறுக்காது. தமிழ்ச் சொல் நீளமானது, குறுகிய பத்தியில் இடைவெளி பிளக்கும். சந்தோஷ் தோட்டிங்கல் இந்திய மொழிகளுக்கு உருவாக்கிய சொற்பிரிப்பு விதிகளில் தமிழுக்கானவையும் உள்ளன. அவற்றைச் சேர்த்துக்கொண்டால் மூன்று பத்திப் பக்கமும் சீராகும். கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஒதுக்க முடிகிற அமைப்புக்கு ஸ்கிரைபஸே நீண்டகாலத் தேர்வு.

கேன்வாவில் தமிழ் எழுத்து சரியாக வரும், அட்டை வரையவும் எளிய வாழ்த்து விளம்பரம் செய்யவும் நன்று. கார்கோ கடைக்காரரிடம் ஆர்ட்வொர்க் இல்லாதபோது ஒரு மணி நேரத்தில் கால்பக்க விளம்பரம் செய்து தந்துவிடலாம். நீண்ட கட்டுரையைப் பக்கம் பக்கமாக ஓடவிடும் வேலைக்கு அது உருவானதல்ல. அச்சுக்குரிய சிஎம்ஒய்கே நிறத்தில் கோப்பு எடுப்பதும் கட்டணப் பதிப்பில்தான். லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரில் தமிழ் பிழையின்றி வரும், நான்கு பக்கக் கறுப்பு வெள்ளை மடலுக்குப் போதும். வளைகுடா அலுவலகக் கணினிகளில் கிடக்கும் மைக்ரோசாஃப்ட் பப்ளிஷரில் இனி எதையும் தொடங்கக்கூடாது. 2026 அக்டோபரோடு அதன் ஆதரவை நிறுத்துவதாக அந்த நிறுவனம் அறிவித்துவிட்டது. அதில் செய்த பழைய மலர்களை அதற்குள் பிடிஎஃப் ஆக்கிவைப்பது அவசரமான வேலை.

உரிமம் இல்லாத பிரதி மலிவு போலத் தெரியும். வளைகுடா நாடுகள் எல்லாவற்றிலும் கணினி நிரல் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் வருகிறது. பதிவுபெற்ற சங்கம் ஒன்றின் உரிமத்தையே அது ஆபத்தில் தள்ளும். இலவசமாகவும் சட்டப்படியும் கிடைக்கும் வழிகள் இத்தனை இருக்கும்போது அதற்குத் தேவையே இல்லை.

பில்லும் வரியும்

விளம்பரக் கணக்கில் மதிப்புக் கூட்டு வரி நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமீரகமும் சவூதியும் 2018 ஜனவரியில் 5 விழுக்காட்டில் தொடங்கின. சவூதி 2020 ஜூலையில் 15 ஆக்கியது. பஹ்ரைன் 2019இல் 5 விழுக்காட்டில் தொடங்கி 2022இல் 10 ஆக்கியது. ஓமன் 2021 ஏப்ரலில் 5 விழுக்காட்டில் சேர்ந்தது. குவைத்தும் கத்தாரும் இந்த வரியை இன்னும் கொண்டுவரவில்லை. அமீரகத்தில் ஆண்டு வருவாய் 3,75,000 திர்ஹாமைத் தாண்டினால் பதிவு கட்டாயம். சிறிய இதழ்கள் பல இதற்குக் கீழேயே நிற்கும். பதிவுபெறாதவை வரி வசூலிக்கவும் கூடாது. பதிவுபெற்ற இதழ் விளம்பரம் வெளியான 14 நாளுக்குள் வரிப் பில் தர வேண்டும். சவூதியில் 2021 டிசம்பர் முதல் மின்னணுப் பில் கட்டாயமானதால், அங்கே பதிவுபெற்ற இதழ் கையால் எழுதிய பில்லோ வேர்டு கோப்போ தர முடியாது. டம்மிக்கான விரிதாளில் பில் எண் மட்டும் இருக்கட்டும். பில் போடுவதை அந்தந்த நாட்டில் ஏற்கப்பட்ட கணக்கு மென்பொருளுக்கே விட்டுவிட வேண்டும். பல வளைகுடா நிறுவனங்கள் அச்சான இதழின் வவுச்சர் பிரதியைப் பில்லோடு இணைத்தால்தான் காசோலை எழுதும் என்பதால், யாருக்கு எத்தனை பிரதி அனுப்பியது என்ற கட்டமும் டம்மியில் தேவைப்படும்.

கோப்புகளை வைத்திருப்பது

வளைகுடாவில் ஓர் இதழ்க் குழு நிலையாக இருப்பதில்லை. வேலை முடிந்து ஒருவர் ஊர் திரும்புகிறார், இன்னொருவர் கனடா போகிறார். மலரின் கோப்புகள் அவருடைய சொந்த மடிக்கணினியோடும், சந்தா அவருடைய சொந்த மின்னஞ்சலோடும் போய்விட்டால் அடுத்த குழு வெறும் அச்சுப் பிரதியை வைத்துக்கொண்டு தொடங்க வேண்டியிருக்கும். எனவே எந்த மென்பொருளானாலும் கணக்கு அமைப்பின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும், கடவுச்சொல் குறைந்தது இரு பொறுப்பாளர்களிடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு இதழ் முடிந்ததும் ஒரே கோப்புறையில் அச்சுக்குப் போன பிடிஎஃப், வடிவமைப்புக் கோப்பு, இன்டிசைன் என்றால் சந்தா நின்றபிறகும் வேறு மென்பொருளில் திறக்கக்கூடிய ஐடிஎம்எல் வடிவம், பயன்படுத்திய எழுத்துருக்கள், விளம்பரங்களின் மூலக் கோப்புகள், யூனிகோடில் கட்டுரைகள், கடைசி நிலையிலுள்ள டம்மி விரிதாள் ஆகியவற்றை வைத்துவிட வேண்டும். அந்த விரிதாளில் சென்ற ஆண்டு எந்தக் கடை எந்தப் பக்கத்தை என்ன விலைக்கு எடுத்தது என்பது இருக்கும். புதிய குழு விளம்பரம் கேட்டுப் போகும்போது முதலில் திறப்பது அதைத்தான்.